கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: அனுபவம், திருத்தங்கள், டப்பாவில் சேர்ந்த குப்பை

கேள்வி (10 மார்ச் 2024)

அப்பாவுக்கு வயது 68. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. கையின் பின்புறம் ஒரு வட்டத்தை ஒட்டிக்கொண்டால் 14 நாள் விரலைக் குத்தவே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா? ஐயாயிரம் ரூபாய்க்கு அது மதிப்பா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

பதில் (10 மார்ச் 2024, இரவு)

உண்மை. தாராளமாக வாங்குங்கள். அம்மாவுக்கு ஜனவரியிலிருந்து ஒட்டுகிறேன், இப்போது இருப்பது ஐந்தாவது. அம்மாவுக்கு 66, மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை.

விலையை மறக்கடித்த விஷயம் ஒன்று சொல்கிறேன். இருபது வருடமாக அம்மா காலையில் மூன்று இட்லி, சாம்பார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 130க்குள் இருந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். சென்சார் ஒட்டிய மறுநாள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கோடு 220ஐத் தொட்டது. அடுத்த நாள் அதே மூன்று இட்லி, சாப்பிட்டதும் மாடிக்கும் வாசலுக்குமாகக் கால் மணி நேரம் நடந்தார். 170. மருத்துவர் பத்து வருடமாகச் சொன்ன "நடங்கம்மா" என்ற அறிவுரையை அந்த ஒரு கோடு புரியவைத்துவிட்டது. இப்போது யாரும் சொல்லாமலே நடக்கிறார்.

கேழ்வரகுக் கூழும் எங்களை ஏமாற்றியது. அரிசிக்குப் பதிலாக நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் உடம்பில் அது சோற்றுக்குச் சளைக்காமல் ஏற்றுகிறது.

விரலைக் குத்தவே வேண்டாம். குளுக்கோமீட்டரை அலமாரியில் வைத்துவிட்டோம்.

11 மார்ச் 2024

எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாலிடெக்னிக்கில் கருவியியல் படித்தவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வட்டத்தின் நடுவிலிருந்து தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த இழை ஒன்று தோலுக்குள் அரை சென்டிமீட்டர் போகிறது. அது ரத்தக் குழாயைத் தொடுவதில்லை. செல்களுக்கு இடையே ஊறிக்கிடக்கும் நீரில் உட்கார்ந்திருக்கிறது. இழையின் நுனியில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசியிருக்கும். குளுக்கோஸ் வந்து மோதினால் நொதி அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கிறது, அவை மின்னோட்டமாகின்றன. சர்க்கரை எவ்வளவு கூடுதலோ மின்னோட்டமும் அவ்வளவு கூடுதல். வட்டத்துக்குள் இருக்கும் சில்லு அதை எண்ணாக்கிப் போனுக்கு அனுப்புகிறது.

அந்த நொதி எங்கிருந்து வருகிறது என்று தேடியபோதுதான் அசந்துபோனேன். பெரும்பாலும் ஒரு கறுப்புப் பூஞ்சையிலிருந்து. அஸ்பெர்ஜில்லஸ் நைஜர். பெரிய வெங்காயத்தை உரிக்கும்போது மேல்தோலுக்கு அடியில் கரித்தூள் மாதிரி விரலில் ஒட்டுமே, அந்தப் பூஞ்சைதான். நாம் கழுவித் தள்ளுகிற ஒன்றின் நொதி அம்மாவின் கைக்குள் உட்கார்ந்து இரவும் பகலும் சர்க்கரையை எண்ணுகிறது.

இந்த யோசனையும் இன்று நேற்று வந்ததில்லை. 1962ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லெலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் இருவரும் நொதியை மின்முனைக்கு அருகில் பிடித்துவைத்துச் சர்க்கரையை அளக்கலாம் என்று எழுதினார்கள். அதற்கு முன்பே கிளார்க் ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கப் பிளாட்டினக் கம்பி ஒன்றைச் செய்திருந்தார். ரத்தம் நேரே பட்டால் கம்பி கெட்டுவிடும். அவர் அதன்மேல் செலோபேன் தாளைச் சுற்றிப் பார்த்தார். மிட்டாய் சுற்றும் கண்ணாடித்தாள்! மரக்கூழிலிருந்து செய்வது.

12 மார்ச் 2024

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போச்சு. செல்லிடை நீருக்குச் சர்க்கரை போய்ச்சேர நேரம் எடுக்கும், சுமார் ஐந்திலிருந்து பத்து நிமிடம். சாப்பிட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதும் நடந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதும் சென்சாரும் விரல் ரத்தமும் ஒரே எண்ணைக் காட்டாது. "கருவி பொய் சொல்லுது" என்று பயப்பட வேண்டாம்.

29 மார்ச் 2024, அதிகாலை

திருத்தம். "விரலைக் குத்தவே வேண்டாம்" என்று எழுதியது தவறு. தயவுசெய்து அதை நம்பி யாரும் குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

இரவு 2.40க்கு அலாரம். 52. ஓடிப்போய் அம்மாவை எழுப்பி, அரைத்தூக்கத்திலேயே நாட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். "எனக்கு ஒண்ணும் செய்யலையேப்பா" என்றார் அம்மா. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. அப்போதுதான் சந்தேகம் வந்து அலமாரியைத் திறந்து விரலைக் குத்தினேன். 104. சர்க்கரைத் தண்ணீர் இறங்கிய பிறகு 210க்குப் போய், விடியும்வரை இறங்கவில்லை.

நடந்தது இதுதான். அம்மா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார், சென்சாரும் இடது கையில். உடலின் பாரம் அந்த இடத்தை அமுக்கினால் அங்கே திரவம் வந்துபோவது குறைந்து எண் பொய்யாக இறங்கும். அடிக்கடி நடப்பதாம், எனக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே: மயக்கம், வியர்வை, நடுக்கம் இருந்தால் யோசிக்காமல் முதலில் இனிப்பு. ஆள் நன்றாக இருந்து எண் மட்டும் இறங்கியிருந்தால், திரும்பிப் படுக்கச் சொல்லிவிட்டு விரலைக் குத்துங்கள். ஒட்டும்போதே எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டு மறுகையில் ஒட்டுங்கள்.

12 ஏப்ரல் 2024

நெல்லிக்காய்ச் சாறு பற்றிக் கேட்டவருக்கு. கேட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அம்மாவும் குடிக்கிறார். சில சென்சார்களில் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. வைட்டமின் சியும் மின்முனைக்கு எலக்ட்ரான் கொடுக்கும். மின்முனை எலக்ட்ரானை எண்ணுமே தவிர, அது யார் கொடுத்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு நெல்லிக்காயைக் கடிப்பதைப் பற்றிக் கவலை இல்லை. மாத்திரையாகவோ டம்ளர் கணக்கில் சாறாகவோ எடுப்பவர்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெக்ஸ்காம் என்ற கருவியின் பழைய மாடல்களில் பாராசிட்டமால் இதே தொல்லையைக் கொடுத்தது. 2018ல் வந்த ஜி6 என்ற மாடலில் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள், இழையின் மேல் வேறு சவ்வு போட்டு. சாதாரண அளவு மாத்திரைக்கு அது அசைவதில்லை. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருகிறேன். குறையும் சரி, தீர்வும் சரி, செயலியில் இல்லை. ஒரு சவ்வில் இருந்தது.

19 ஏப்ரல் 2024

ஏழாவது சென்சார் ஐந்தாம் நாளே விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். அம்மா தலைக்கு நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்கும்போது வழிந்து கைக்கு வந்து, பசையின் ஓரத்தில் புகுந்துவிட்டது. சீயக்காய் போட்டு அலசியதும் வட்டம் துண்டோடு வந்துவிட்டது. மீதி ஒன்பது நாள் போச்சு.

தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. எண்ணெய்க் குளியலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்தப் பசையை உருவாக்கியவர்களில் யாராவது ஒருவர் செவ்வாய் வெள்ளி எண்ணெய் தேய்க்கும் வீட்டில் வளர்ந்திருந்தால் அந்த வரி இருந்திருக்கும். எங்கள் வழி இப்போது இது: ஒட்டுகிற நாளுக்கு முந்தைய நாள் எண்ணெய்க் குளியல். அப்புறம் அந்த 14 நாளும் தலைக்கு மட்டும் லேசாகத் தொட்டுவைத்து, தோளில் துண்டு கட்டிக்கொண்டு குளிக்கிறார்.

16 மே 2024

மதுரை வெயிலில் அடுத்த பிரச்சினை. சென்சாரை எடுத்ததும் கையில் அச்சு வைத்ததுபோல் சிவந்த வட்டம், ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம். அரிப்பு தாங்கவில்லை. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு வியர்வையும் பசையும் சேர்ந்த எரிச்சல் என்றார், ஒரு மாதம் ஒட்டவேண்டாம் என்றார். எங்களுக்கு அது ஆறிவிட்டது. எல்லோருக்கும் அவ்வளவு எளிதாக முடிவதில்லை என்பதை அதன்பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

2017ல் ஐரோப்பாவில் தோல் மருத்துவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சாரை ஒட்டிய சிலருக்கு வந்த ஒவ்வாமைக்குக் காரணம் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள். கருவியின் மேல்பாகமும் கீழ்பாகமும் சேரும் இடத்தில்தான் அது அதிகமாக இருந்தது. அங்கிருந்து மெல்லக் கசிந்து தோலுக்கு வந்திருக்கிறது. தோலை ஒட்டும் பசையை மட்டும் சோதித்திருந்தால் இது சிக்கியிருக்காது. 2020ல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் மருத்துவர் சங்கம் அதையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது.

ஒருவருக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அது ஆயுளுக்கும் நிற்கும். அதே பொருள் இருக்கும் வேறு கருவியையும் அவர் ஒட்ட முடியாது. டைப் 1 வகைச் சர்க்கரையால் தினமும் இன்சுலின் போடும் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

சவ்வு, பசை, இப்போது மூடியை ஒட்டும் பிசின். இந்தப் பதில்களில் நான் எழுதிய ஒவ்வொரு சிக்கலும் பொருளில் வந்து நிற்கிறது. விளம்பரத்தில் போன் திரையைக் காட்டுகிறார்கள். அம்மாவின் தோலோடு இரண்டு வாரம் குடித்தனம் நடத்துவது பிளாஸ்டிக்கும் பசையும்.

7 ஜூலை 2024

எழுத நினைத்துத் தள்ளிக்கொண்டே வந்த விஷயம்.

பயன்படுத்தியவற்றை ஒரு பழைய பால் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இன்று மூடி மூடவில்லை. பதினோரு சென்சார், பதினோரு அப்ளிகேட்டர். அப்ளிகேட்டர் என்பது ஒட்டுவதற்கு அழுத்தும் பிளாஸ்டிக் கூடு, டீ டம்ளர் பருமன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு நொடி அழுத்துவதற்கு. இழையைத் தோலுக்குள் கொண்டுபோன ஊசி அந்தக் கூட்டுக்குள்ளேயே திரும்பிப்போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு சென்சாரைக் குறடால் பிளந்து பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மின்கலம், வட்டமான பச்சைச் சுற்றுப்பலகை, அதில் எள்ளளவு பாகங்கள், நடுவில் கறுப்புச் சில்லு. 14 நாள் முடிந்தால் சில்லு தன்னை நிறுத்திக்கொள்கிறது. நொதி சோர்ந்துபோவது நியாயம், அது உயிரிலிருந்து வந்த பொருள். அதோடு சேர்ந்து நல்ல நிலையில் இருக்கும் சில்லும் பலகையும் ஏன் குப்பைக்குப் போக வேண்டும்? இழையை மட்டும் மாற்றி மேல்பாகத்தைத் திரும்பப் பயன்படுத்தும்படி செய்ய முடியும். தனி டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி அடுத்த சென்சாரில் மாட்டும் வடிவம் டெக்ஸ்காம் ஜி6லேயே இருந்தது. அடுத்து வந்த ஜி7ல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். சிறியதாயிற்று, ஒட்டுவது எளிதாயிற்று. குப்பை கூடிற்று.

வருடம் முழுவதும் ஒட்டினால் ஒருவருக்கு 26. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது: இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம். அதில் நூற்றில் ஒருவர் ஒட்டினாலே வருடத்துக்கு இரண்டரைக் கோடிக்கு மேல் கூடுகள், அத்தனை ஊசிகள், அத்தனை மின்கலங்கள்.

9 ஜூலை 2024

"குப்பையில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று எழுதியவருக்கு.

எங்கள் தெருவுக்கு வண்டி கொண்டுவரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் நேற்றுக் கேட்டேன், ஊசி வருமா என்று. பேசாமல் கையுறையைக் கழற்றிக் காட்டினார். இடது கைச் சுட்டுவிரலில் ஒரு கறுத்த புள்ளி. "இது போன வருசம் தம்பி. சுகர் ஊசிதான். மூணு தடவை ரத்தம் டெஸ்ட் எடுத்தேன், ரிசல்ட் வர்ற வரைக்கும் பிள்ளைகளுக்குச் சோறு பிசைஞ்சு குடுக்கவே பயம்." இப்போதெல்லாம் பையைக் கையால் தொடுவதற்கு முன் காலால் லேசாக உதைத்துப் பார்க்கிறாராம். ஊசி இருந்தால் சத்தம் வித்தியாசமாக இருக்கும் என்றார்.

கழிவு விதிகளில் வீட்டில் பயன்படுத்திய ஊசிகளைத் தனியாக வைக்க வேண்டும் என்று 2016லேயே சொல்லியாயிற்று. டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைந்த அனுபவம்: மருந்துக் கடையில் வாங்கவில்லை. ஒரு பெரிய மருத்துவமனையில் "வெளிக் கழிவு எடுக்கமாட்டோம்" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில், எங்களை வருடக்கணக்காகத் தெரியும் என்பதால், அவர்களுடைய ஊசிக் கழிவோடு சேர்த்து வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். நீங்களும் உங்கள் பரிசோதனைக் கூடத்தில் கேட்டுப் பாருங்கள். அதுவரை கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை டேப்பால் சுற்றி, மேலே "ஊசி" என்று தமிழில் பெரிதாக எழுதிவையுங்கள். விரலைக் குத்தும் சின்ன ஊசியான லேன்செட்டும் அப்படித்தான்.

20 ஜூலை 2024

கூட்டை மக்கும் பிளாஸ்டிக்கில் செய்தால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்த ஆசைதான். ஆசைப்படும் முன் ஒரு சோதனை. மாடியில் செம்பருத்தித் தொட்டியில் ஒரு சாண் ஆழத்தில் இரண்டு பொருள்களைப் புதைத்திருக்கிறேன்: கல்யாண வீட்டில் கொடுத்த கரும்புச் சக்கைத் தட்டில் பாதி, "மக்கும்" என்று அச்சிட்ட சோள பிளாஸ்டிக் கரண்டி ஒன்று. தினமும் தண்ணீர் ஊற்றுகிற தொட்டி. பார்ப்போம்.

6 அக்டோபர் 2024

தோண்டினேன். தட்டு இல்லை. சாம்பல் நிறத்தில் நார்போல ஏதோ விரலில் பிசுபிசுத்தது, அவ்வளவுதான். வேர்கள் அதற்குள்ளேயே ஓடியிருந்தன. கரண்டியைக் குழாயில் கழுவினேன், நாளைக்கே பாயசம் பரிமாறலாம். எழுத்துக்கூட அழியவில்லை.

சோள பிளாஸ்டிக் என்பது பாலிலாக்டிக் அமிலம், பிஎல்ஏ. அது மக்க 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் நாள்கணக்கில் வேண்டும். தொழிற்சாலை மாதிரி நடத்தும் உரக்கூடங்களில்தான் அது கிடைக்கும். செம்பருத்தித் தொட்டி எந்த மே மாதத்திலும் அந்தச் சூட்டுக்குப் போகாது. "மக்கும்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எங்கே, எத்தனை நாளில் என்று எழுதாதவரை அது பாதிச் செய்திதான். இன்னொரு சங்கடம், அதே 60 டிகிரியை ஒட்டித்தான் பிஎல்ஏ இளகவும் தொடங்குகிறது. கோடையில் மூடிய சரக்கு லாரிக்குள் நாள் முழுக்க நின்றால் கூடு வளையலாம். கூடு வளைந்தால் ஊசி சாய்ந்து இறங்கும். மருத்துவக் கருவி என்பதால் கிருமிநீக்கக் கதிர்வீச்சையோ எத்திலீன் ஆக்சைடு வாயுவையோ வேறு அது தாங்க வேண்டும். பொறியாளர்கள் பழைய பிளாஸ்டிக்கை விடாததற்கு இந்தக் காரணங்களும் உண்டு என்று இப்போது புரிகிறது. ஜூலையில் கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன்.

கரும்புச் சக்கைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. கூட்டுக்கு இல்லாவிட்டாலும் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தட்டுக்கும் மூடிக்கும் போதும். நமக்குப் புதிய பொருளும் இல்லை. கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1980களிலிருந்து சக்கையில் காகிதம் செய்கிறது.

8 அக்டோபர் 2024

சக்கை பற்றி எழுதியதற்கு இரண்டு திருத்தம்.

ஒன்று, சக்கை சும்மா கிடக்கும் கழிவில்லை. சர்க்கரை ஆலைகள் அதை எரித்துத்தான் கொதிகலனை ஓட்டுகின்றன. காகித ஆலை அதை எடுத்துக்கொண்டால் பதிலுக்கு நீராவியோ வேறு எரிபொருளோ கொடுக்க வேண்டும். அந்த எரிபொருள் நிலக்கரியாக இருந்தால் கணக்கு மாறுகிறது.

இரண்டு, சக்கைத் தட்டில் குழம்பு ஊறாமல் இருக்கப் பல இடங்களில் ஃபுளூரின் சேர்ந்த பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள்களைச் சேர்த்திருந்தார்கள். நார் மக்கும், அது மக்காது, மண்ணில் தங்கும். அமெரிக்காவில் மக்கும் பொருள்களுக்குச் சான்று தரும் அமைப்பு 2020லிருந்து அவை கலந்தவற்றுக்குச் சான்று தருவதை நிறுத்திவிட்டது. என் தொட்டியில் "காணாமல்போன" தட்டு எதை விட்டுவிட்டுப் போனது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சென்சார் பெட்டியில் குழம்பு ஊற்றப்போவதில்லை, பூச்சே தேவைப்படாது. அதனால்தான் அந்தத் தட்டுக்குச் சக்கையைச் சொல்கிறேன். உணவுத் தட்டுக்கு வாழையிலை இருக்கிறது.

15 நவம்பர் 2024

ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றி ஒருவர் கேட்டார். விலகல்தான், ஆனால் நம் எல்லோருக்கும் வேண்டிய விஷயம்.

2021 மே மாதம் நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் கொரோனா, ஒரே ஒரு ஆக்சிமீட்டர். மணிக்கு ஒரு தடவை விரல் மாற்றி விரல். 94க்குக் கீழே போனால் மருத்துவமனை என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். அந்த எண்ணை வேதவாக்காக நம்பினோம்.

ஜப்பானில் தக்குவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த முறை அது. சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் செலுத்தி, நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்துக் கணக்கிடுவது. மிக அழகான யோசனை, எத்தனை கோடி உயிரைக் காத்திருக்கும்! ஆனால் தோலின் கருமையும் ஒளியைக் குடிக்கும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியவர்களில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம்.

அந்தக் கணக்கில் நம் ஊர்த் தோல் தனியாக இல்லை. ஆனால் என் அப்பாவின் விரலைப் பார்த்தால் எந்தப் பக்கம் கவலைப்பட வேண்டும் என்று தெரிகிறது. வாங்கியவர்கள் தூக்கிப்போட வேண்டாம். ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் அது இறங்கிக்கொண்டே வருகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்கினால் எண் என்ன சொன்னாலும் கிளம்புங்கள்.

6 ஏப்ரல் 2025

இந்த வாரம் வந்த ஒரு செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை, சந்தோஷத்தில்தான்.

அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு அரிசியைவிடச் சிறிய பேஸ்மேக்கர், அதாவது இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் கருவி, ஒன்றைச் செய்திருக்கிறது. 3.5 மில்லிமீட்டர் நீளம், 1.8 அகலம், 1 கனம். ஊசி வழியாகவே உள்ளே செலுத்திவிடலாம். தேவை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும், வெளியே எடுக்க வேண்டாம்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், இதய அறுவைக்குப் பிறகு சில நாள்களுக்குத் தற்காலிகப் பேஸ்மேக்கர் வைப்பார்கள். அதன் கம்பிகள் மார்பு வழியாக வெளியே வரும். தேவை முடிந்ததும் இழுத்து எடுக்க வேண்டும். நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 2012ல் இறந்தது அப்படிக் கம்பியை எடுத்த பிறகு ஏற்பட்ட உள் ரத்தக்கசிவால்தான்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது மின்கலம். அதாவது, வழக்கமான மின்கலமே இல்லை. இரண்டு வெவ்வேறு உலோகத் துண்டுகள், நடுவில் உடம்பின் நீர். எலுமிச்சம்பழத்தில் இரண்டு கம்பி குத்திப் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் எடுத்தோமே, அதே தத்துவம். மார்பின்மேல் ஒட்டிய மெல்லிய பட்டை துடிப்பைக் கவனித்து, தவறினால் ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒளி தோலையும் தசையையும் கடந்து உள்ளே போய் அந்தத் துணுக்கை முடுக்குகிறது. இதுவரை விலங்குகளிலும், உறுப்புதானம் செய்து இறந்தவர்களின் இதயங்களிலும்தான் சோதித்திருக்கிறார்கள். நம் மருத்துவமனைக்கு வர நாளாகும்.

இதே குழுவினர் 2012ல் பட்டுப் படலத்தின்மேல் மெக்னீசியமும் மெல்லிய சிலிக்கானும் வைத்து, தண்ணீரில் கரையும் சுற்று ஒன்றைச் செய்துகாட்டினார்கள். பட்டு! கருவி எத்தனை நாள் வேலை செய்ய வேண்டுமோ அத்தனை நாள்தான் அதன் பொருளும் இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். என் பால் பவுடர் டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து நான் கேட்டதும் அதுதான்.

சென்சார் கூடு நாளைக்கே பட்டில் வரும் என்று சொல்லவில்லை. அது கரைய வேண்டிய இடம் வேறு, கரையக் கூடாத நேரமும் உண்டு. வழி இருக்கிறது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

7 ஏப்ரல் 2025

செலோபேனை விட்டுவிட்டேனே. கிளார்க் சுற்றிய அதே தாள்தான் முதல் செயற்கைச் சிறுநீரகத்திலும். 1943ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் இறைச்சிக் குழல் செய்யப் பயன்படும் செலோபேன் உறையை உருளையில் சுற்றி ரத்தத்தைச் சுத்தம் செய்தார். மரக்கூழ்த் தாள், மண்ணில் மக்குவது.

கரண்டியையும் தோண்டிப் பார்த்தேன். ஒன்பது மாதம் ஆகப்போகிறது. அப்படியே இருக்கிறது. திரும்பப் புதைத்துவிட்டேன்.

23 நவம்பர் 2025

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, அப்பாவுக்கு இன்னும் வாங்கவில்லை, கடைசியாக என்ன சொல்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறார்.

இன்சுலின் போடுபவர், சர்க்கரை திடீரென்று இறங்கும் பழக்கம் உள்ளவர், டைப் 1 குழந்தை என்றால் விடாமல் ஒட்டுங்கள். குப்பையைப் பற்றி அவர்கள் மனசாட்சியில் சுமை ஏற்றக் கூடாது, அது செய்பவர்கள் தீர்க்க வேண்டியது. மாத்திரை மட்டும் சாப்பிடும் என் அம்மா மாதிரி என்றால், எங்கள் மருத்துவரிடம் பேசி இப்போது வருடத்துக்கு இரண்டு முறை ஒட்டுகிறோம், பரிசோதனைக்குப் போவதற்கு முந்தைய 14 நாள். எந்தச் சாப்பாடு என்ன செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறோம். மற்ற நாள்களில் வாரம் இரண்டு தடவை விரல். உங்கள் மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு எந்தப் பக்கம் படுக்கும் பழக்கம் என்று மறக்காமல் பாருங்கள்.

டப்பாவைப் போன மாதம் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டேன். தூய்மைப் பணியாளர் அக்காவிடம் சொன்னேன், "நல்லது தம்பி, மத்த வீட்டுலயும் சொல்லுங்க" என்றார். எங்கள் தெருவில் இதுவரை நான்கு வீடுகள் ஊசியைத் தனியாக வைக்கின்றன.

அடுத்த சென்சார் பொங்கலுக்கு. போகிக்கு முந்தைய நாளே ஒட்டிவிடு என்று அம்மா சொல்லியிருக்கிறார். சர்க்கரைப் பொங்கல் எத்தனை கரண்டிவரை தாங்கும் என்று பார்க்க வேண்டுமாம்.